இடப்பக்கம் பச்சை

அக்கா படகில் ஏறும்போது இருட்டிவிட்டது. நான் விளக்குகளைப் போட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தேன். படகுகளுக்கு விளக்கு மாட்டுவதுதான் என் பிழைப்பு. ஆனாலும் மூன்று மாதமாக இந்தப் பாழாய்ப்போன சந்தேகம் என்னை விடவில்லை.

மறுநாள் காலை அக்கரை நீதிமன்றத்தில் அக்கா சாட்சி சொல்ல வேண்டும். மச்சானின் படகை இடித்து மூழ்கடித்த சரக்குப்படகு ஓட்டுநர் சிறையில் இருந்தான். மச்சானின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

அந்தப் படகுக்கு விளக்கு மாட்டியவன் நான்.

"உன் கல்யாணத்துக்குள்ளயாவது முடிச்சிருவியாடா மாப்ள?" என்று கிண்டலடித்தபடி, அன்று ஒயரில் சுற்றும் டேப்பைப் பல்லால் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார் மச்சான். அவசரத்தில் கரையில் நின்று, படகின் முகப்பைப் பார்த்தபடியே மாட்டிவிட்டேன். என் இடக்கைப் பக்கம் படகுக்கு வலப்பக்கம் என்பது, செய்தி வந்த பிறகுதான் உறைத்தது. நிறம் மாறியதால் மச்சான் எந்தப் பக்கம் போகிறார் என்பது ஓட்டுநருக்குத் தப்பாகத் தெரிந்திருக்கிறது. ஒதுங்குவதாக நினைத்து நேரே வந்து இடித்துவிட்டான்.

நான் வாயே திறக்கவில்லை. படகே மூழ்கிவிட்டது, இனி யாருக்குத் தெரியப்போகிறது?

பாதித் தூரம் போனபோது எதிரே இரண்டு விளக்குகள் தெரிந்தன.

எதிரே வரும் படகின் சிவப்பு, நமக்கு வலக்கைப் பக்கம் தெரிய வேண்டும்.

இது இடக்கைப் பக்கம் தெரிந்தது, மச்சான் படகுக்கு நான் மாட்டியது போலவே.

என்ஜினை அணைத்தேன். எதிரிலிருந்தும் எந்தச் சத்தமும் இல்லை. டீசலும் சேறும் கலந்த நாற்றம் மூக்கில் ஏறியது. விளக்குகள் நெருங்கிக்கொண்டே வந்தன.

"ஏன்டா நிறுத்திட்ட?"

"அக்கா... எதிர்ல படகு..."

"எங்கடா? ஒண்ணுமே இல்லையே."

சொல்லும்போதே அவள் கன்னத்தில் சிவப்பு வெளிச்சம் விழுந்தது.



"அந்த ஓட்டுநர் மேல தப்பில்லக்கா. விளக்கை மாத்தி மாட்டினது நான்தான்."

விளக்குகள் அணைந்தன.

அக்கா என் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாக, "நீயும் என்கூடச் சேர்ந்து அவனைத் திட்டினியேடா, பாவி," என்றாள். அழுதுகொண்டே கரைவரை வந்தாள்.

மறுநாள் நீதிமன்றத்தில் அவளுக்குப் பதில் நான் பேசினேன். ஓட்டுநரை விட்டுவிடுவார்களாம்; இனி வழக்கு என் மேல். பயமாக இருந்தாலும் மூன்று மாதத்துக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு வந்தது. மச்சானும் இத்துடன் போய்விடுவார் என்று நினைத்தேன்.

மாலையில் திரும்புவதற்காக விளக்கைப் போட்டேன்.

இடப்பக்கம் பச்சை எரிந்தது.

அக்காவைக் கரையிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, முகப்பில் மண்டியிட்டு ஒயரைப் பிரித்தேன். டேப் ஈரமாக இருந்தது. எப்படியோ நிறங்களைச் சரியாக மாற்றிவிட்டு, புது டேப்பைத் தேடினேன்.

எனக்குப் பின்னால், ஆளில்லாத படகுக்குள், யாரோ பல்லால் டேப்பைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.