லிஃப்ட் மெக்கானிக்கின் கீபோர்டு

"அவர் அதை எழுதலை. அதை மட்டும் நிரூபிச்சுக் குடுத்துட்டீங்கன்னா போதும். யார் எழுதினாங்கன்னு நீங்க தேட வேண்டாம்மா."

வந்தவர் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை. அடுத்தவர் கண்ணுக்கு அளவு பார்க்கிற அந்த அம்மாவின் கண் இரண்டும் உள்ளே போய், சுற்றிலும் கறுத்துக் கிடந்தன. கொடுத்த காபி ஆறிப்போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

கேட்டுக்கொண்டிருந்தவர் அண்ணி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்கு சொல்லிப் பணம் கேட்பவர்களைக் கண்டுபிடிக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு கம்பெனிக்குத்தான், அண்ணிக்கு அல்ல. வாரத்துக்கு ஒருவராவது இப்படி வீடு தேடி வந்துவிடுவார்கள். அண்ணிக்குப் பக்கத்தில் அவருடைய கொழுந்தன். எதையும் யோசிப்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிற வாய் என்பதால் வீட்டில் அவனுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர், நாளடைவில் முந்திரி. கார் ஓட்டுவதும் கூடவே போய் மூக்கை நுழைப்பதும் அவன் வேலை. அந்த வேலையை அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை, அவனே எடுத்துக்கொண்டான்.

விஷயம் இதுதான். அந்த அம்மாவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். உடம்பில் ஒவ்வொரு தசையாகச் செயலிழந்துகொண்டே வருகிற நோய். பேச்சு போய் நாளாகிவிட்டது. இடது கையில் இரண்டு விரல் மட்டும் மிச்சம். அந்த விரல்களுக்கென்றே உள்ளங்கை அகலத்தில் ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு கடையில் சொல்லிச் செய்து வாங்கிக் கொடுத்திருந்தார் மனைவி. அவர் தட்டி முடித்தால், பக்கத்தில் இருக்கும் மெஷின் அதை வாய்விட்டுச் சொல்லும். முந்தாநாள் மதியம் அந்த மெஷின் வீடே கேட்கிற மாதிரி சொன்னது: "என்னை ஹோம்ல சேர்த்துடுங்க. எனக்கு அதுதான் நிம்மதி."

"இவரோட அண்ணன் ஓடி வந்து, 'நீயாடா சொன்னே?'ன்னு கேட்டார். இவர் கண்ணை மூடித் திறந்துட்டார். அதுதான் ஆமா. மூடாம முழிச்சுப் பார்த்தார்னா இல்லைன்னு அர்த்தம். உடனே இந்த மாதிரி நோயாளிகளை வெச்சுப் பார்த்துக்கிற ஹோமுக்குப் போன் பண்ணிட்டாங்க. இன்னிக்குச் சாயந்திரம் வண்டி வருது."

"அவரே ஆமான்னுட்டாரே! அப்புறம் என்ன கேஸ் இது?" என்றான் முந்திரி.

"தம்பி, கொஞ்சம் சும்மா இருங்க," என்றார் அண்ணி. பிறகு அந்த அம்மாவிடம் திரும்பி, "அவர் சொன்னா நீங்க ஏன் நம்ப மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டார்.

அந்த அம்மா முந்தானையை விரலில் சுற்றினார். "எனக்குத் தெரியும்மா," என்றார் கடைசியில்.

வீட்டுக்குப் போனார்கள். ஜன்னலோரக் கட்டிலில் மெக்கானிக் சாய்ந்து படுத்திருந்தார். ஆள் எலும்பாக இருந்தாலும் கண் மட்டும் முழு உயிரோடு எல்லாரையும் சுற்றிப் பார்த்தது. துணி சுருட்டி முட்டுக்கொடுத்த தலையணை, சளி உறிஞ்சும் மெஷின், சுத்தமாக மடித்த துவாலைகள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. மடிமேல் ஒரு சாய்வுப் பலகை, அதன்மேல் அந்தக் கீபோர்டு.

முந்திரிக்குக் கை சும்மா இருக்குமா? "இதுதானா அது?" என்று தொட்டுவிட்டான். தொட்டது என்றுகூடச் சொல்ல முடியாது, விரல் மேலே உட்கார்ந்தது, அவ்வளவுதான். "ழூமமமமபடடக்" என்று மெஷின் அலறியது. அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெக்கானிக்கின் கண்ணோரம் சுருங்கியது. சிரிக்கிறார் என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"மூச்சு பட்டாலே எழுத்து விழும்," என்றார் பகலில் வந்து அவரைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ். "நானும் துடைக்கப் போய் இப்படி எத்தனையோ தடவை கத்த விட்டிருக்கேன். எந்தக் கட்டையிலயும் எழுத்துப் போட்டிருக்காது, பாருங்க. அக்காவும் அவரும் பேசி வெச்சுக்கிட்டதுதான் எல்லாம். விரல் ஒண்ணொண்ணா போகப் போக எழுத்தை இடம் மாத்திக்கிட்டே வராங்க. மாத்தின புதுசுல நாலஞ்சு நாளைக்கு மெஷின் ஒரே உளறலா உளறும். இவருக்குக் கை பழகணும்ல, பாவம்."

"கடைசியா எப்ப மாத்தினீங்க?" என்று அண்ணி அந்த அம்மாவைக் கேட்டார்.

"முந்தாநாள். கட்டை விரல் மடங்கிப்போச்சு. அதனால கீபோர்டு கடையில குடுத்து, காலையில போய் வாங்கிட்டு வந்தேன்."

அண்ணி தலையை மட்டும் ஆட்டினார். மெஷின் பேசியபோது தான் சமையலறையில் குழாய்களைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்ததாக நர்ஸ் சொன்னார். மெக்கானிக்கின் அண்ணன், முன்னறையில் போன் பேசிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். கூரியர் ஆபீஸ் மேனேஜர் அவர், குரலே அதட்டல். "ஹோம்ல விடலாம்னு முதல்ல சொன்னவன் நான்தான். அதை மறைக்கல. என் தம்பி பொண்டாட்டி தூங்கி எத்தனை நாளாச்சு, தெரியுமா? ஆனா அவன் பேர்ல நான் பொய் சொல்லுவேனா? அதுக்கு நான் செத்துப்போகலாம்." அந்த அம்மா பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்ததாகச் சொன்னார். பின்பக்கக் கதவு இந்த அறைக்குள்ளேயே திறந்தது.

"அந்தப் பேச்சுக்கு அப்புறம் அவர் வேற ஏதாவது எழுதினாரா?" என்று கேட்டார் அண்ணி.

"இல்லை. கையையே வைக்க மாட்டேங்கிறார். நான் எடுத்து வெச்சாலும் இழுத்துக்கிறார்," என்றார் நர்ஸ்.

காரில் ஏறியதுமே முந்திரி ஆரம்பித்துவிட்டான். "அண்ணன்தான்! சந்தேகமே இல்லை. வேற சாதாரண கீபோர்டை மெஷின்ல சொருகி நாலு வார்த்தை தட்டியிருக்கார். வேலை முடிஞ்சது!"

"இருக்கலாம். அதைத்தான் கேட்கப் போறோம்," என்றார் அண்ணி.

கீபோர்டு கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒடுக்கமாக இருந்தது. சுவர் முழுக்க டப்பா டப்பாவாக ஸ்விட்சுகள், ஸ்பிரிங்குகள், வண்ணவண்ணக் கட்டைகள். வழுக்கைத் தலைக் கடைக்காரருக்கு விஷயம் கேட்டதும் முகம் விழுந்துவிட்டது. அந்த அம்மா முதன்முதலில் வந்த நாளைச் சொன்னார்.

"பெரிய கீபோர்டு வேண்டாம்னாங்க, கை எட்டாது. நம்பர், அம்புக்குறி எல்லாத்தையும் எடுத்துட்டு, சின்னதா அமைச்சோம். சாதா கீபோர்டுன்னா அடிவரைக்கும் அழுத்தணும். இதுல பாதி அழுத்தினாலே எழுத்து விழுந்துடும், அதனாலதான் மெக்கானிக்கல். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில ஒரு ஸ்பிரிங் இருக்கும். அவர் விரல் தளரத் தளர நான் ஸ்பிரிங்கை இளசாக்கிக்கிட்டே வந்தேன். இப்ப இருக்கிறதுக்கு மேல இளசா எங்கயும் கிடைக்காது. இதோட முடிஞ்சதுன்னு சொன்னேன்."

"மெஷின்ல வேற கீபோர்டு சொருக முடியுமா?" முந்திரியால் பொறுக்க முடியவில்லை.

"முடியாதுங்க. அந்த ஒரு போர்டைத் தவிர வேற எதையும் ஏத்துக்காத மாதிரி பூட்டிக் குடுத்திருக்கேன். அந்த அம்மாதான் கேட்டாங்க. அவர் பேர்ல வேற யாரும் பேசிடக் கூடாதுன்னு."

மெக்கானிக்கின் அண்ணன்மேல் முந்திரி கட்டிய கதை அங்கேயே படுத்துவிட்டது.

"எழுத்தை மாத்தினதும் அப்படியே குடுத்துடுவீங்களா?" என்றார் அண்ணி.

"எங்க! அவங்க விட மாட்டாங்களே. இதோ இந்த ஸ்டூல்ல உட்கார்ந்து தட்டிப் பார்ப்பாங்க. சரியில்லைன்னா இன்னொரு தடவை மாத்தச் சொல்வாங்க. முந்தாநாள்கூடக் காலையில கடை திறந்ததும் வந்து, மத்தியானம்தான் எழுந்தாங்க. கடைசியில பார்க்காமலே தட்டினாங்க. கட்டை மேல கை படாம, மிதக்கிற மாதிரி. அப்படித் தட்டலைன்னா இந்த ஸ்பிரிங்குக்கு ஒரு வார்த்தை உருப்படியா விழாது."

மெக்கானிக் வீட்டுக்குத் திரும்பும்போது முந்திரி காரை மெதுவாகவே ஓட்டினான். கண்டுபிடித்துவிட்டோம் என்று வழக்கமாகக் குதிக்கிற மனசு, கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாமே என்று அடித்துக்கொண்டது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஹோம் வண்டி வாசலில் நின்றிருந்தது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். "ஒரு பத்து நிமிஷம்," என்று கேட்டுக்கொண்டு அண்ணி உள்ளே போனார். கட்டிலைச் சுற்றி அண்ணன், நர்ஸ், மனைவி மூவரும் நின்றார்கள்.

அண்ணி அந்த அம்மாவிடம் தணிந்த குரலில், "தனியாப் பேசணும்னா பேசலாம்," என்றார்.

அந்த அம்மா வாசலைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். "வேண்டாம். இவர் முன்னாலயே சொல்லுங்க."

"நீங்க சொன்னது நிஜம். அதை இவர் எழுதலை," என்றார் அண்ணி. "எழுத்தை இடம் மாத்தினா பழகுறதுக்கு இவருக்கு நாலஞ்சு நாள் ஆகும். முந்தாநாள் மாத்தின கீபோர்டு அன்னிக்கு மத்தியானம்தான் வீட்டுக்கு வந்தது. வந்த உடனே ஒரு பிசகு இல்லாம மெஷின் பேசியிருக்கு. இவர் எழுதியிருந்தா உளறியிருக்கும். இன்னொண்ணு, அதுக்கப்புறம் இவர் கையே வைக்கலை. வெச்சா உளறும், தான் எழுதலைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும்."

"அப்ப யாரு?" என்று அண்ணன் அதட்டினார். "எங்க வீட்ல யாருக்கு இதைத் தட்டத் தெரியும்? எழுத்தே இல்லாத கட்டை!"

"நர்சம்மா தொட்டாலும் அலறுது, எங்க தம்பி தொட்டாலும் அலறுது. புது எழுத்து இடமும் தெரிஞ்சு, கையும் பழகினவங்க ஒருத்தர்தான். காலை முழுக்கக் கடையில உட்கார்ந்து தட்டிப் பார்த்தவங்க." அண்ணி அந்த அம்மாவின் பக்கம் திரும்பினார். "என்கிட்ட வர்றவங்க எல்லாரும் யார் செஞ்சாங்கன்னுதான் கேட்பாங்க. நீங்க ஒருத்தர்தான் தேட வேண்டாம்னு சொன்னீங்க. மன்னிச்சுக்குங்கம்மா. தேடாம நிரூபிக்க முடியலை."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. நர்ஸ் கையை வாயில் வைத்துக்கொண்டார்.

"நான்தான்," என்றார் அந்த அம்மா. அழவில்லை, அழுவதற்குக்கூட அவரிடம் தெம்பு இருந்ததாகத் தெரியவில்லை. "கொண்டு வந்து இவர் மடியில வெச்சேன். சரியா வருதான்னு பார்க்கத்தான் கை வெச்சேன். ராத்திரியெல்லாம் திருப்பிப் போட்டு, சளி எடுத்து, மறுபடி திருப்பிப் போட்டு... இதுக்கு மேல இளசா ஸ்பிரிங் இல்லைன்னு வேற கடைக்காரர் சொல்லிட்டாரா. என்ன எழுதுறேன்னு தெரியாமலே என் கை எழுதிடுச்சு. மெஷின் கத்தினப்பதான் எனக்கே விளங்குச்சு. பயந்து போய் கொல்லைப்பக்கம் ஓடிட்டேன். திரும்பி வந்து நான்தான்னு சொல்றதுக்குள்ள இவங்க அண்ணன் கேட்டுட்டார், இவரும் ஆமான்னு கண்ணை மூடிட்டார். அப்புறம் எந்த வாயை வெச்சுக்கிட்டு நான் சொல்வேன்?"

அண்ணன் கட்டிலருகே குனிந்தார். அதட்டல் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. "டேய், சொல்லுடா. அவதான் எழுதினாளா?"

மெக்கானிக் கண்ணை மூடாமல் அவரையே பார்த்தார். இல்லை.

"நீயா எழுதினே?"

கண் மூடித் திறந்தது. ஆமாம்.

"ஐயோ, நான்தான் எழுதினேன், நீங்க பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க! நான் போங்கன்னு சொன்னா நீங்க போயிடுவீங்களா?" அந்த அம்மா அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "இல்லைன்னு சொல்லுங்க. ஒரே ஒரு தடவை!"

கண் மறுபடியும் மூடித் திறந்தது.

முந்திரி அண்ணியைப் பார்த்தான். இவ்வளவு நேரம் எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருந்த அண்ணிக்கு இப்போது செய்வதற்கு ஒன்றும் இல்லை. பொய் என்று அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். சொல்கிறவருக்கு அந்த ஒரு பொய்யைத் தவிர மனைவிக்குக் கொடுக்க வேறெதுவும் மிச்சமில்லை. அதை அவரிடமிருந்து யார் பிடுங்க முடியும்?

அப்போது அவருடைய இடது கை பலகை மேல் நகர்ந்தது. அந்த அம்மா சட்டென்று கீபோர்டை நேராக்கி வைத்தார். ஒரு விரல் மெல்ல இறங்கியது. இன்னொன்று. ரொம்ப நேரம் பிடித்தது. ஸ்ட்ரெச்சர்காரர்கள்கூட வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டார்கள். கடைசியில் மெஷின் பேசியது: "ளௌ பநறெ."

"மறுபடியும் உளறுதே," என்றார் நர்ஸ்.

அந்த அம்மா மெஷினைப் பார்க்கவில்லை, காதிலும் வாங்கவில்லை. விரல் இறங்கிய இடங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக், எழுத்து மாறுவதற்கு முன்பிருந்த பழைய இடங்களிலேயே தட்டியிருந்தார். அவரைத் தவிர அந்தப் பழைய இடங்களைக் கண்ணால் பார்த்தே படிக்கத் தெரிந்தவர் உலகத்திலேயே ஒரே ஒருவர்தான்.

"என்னம்மா எழுதினார்?" என்று முந்திரி கேட்டான். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டான்.

"நீ தூங்குன்னு எழுதியிருக்கார்."

சொல்லிவிட்டு அந்த அம்மா கட்டிலின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கணவர் கைக்குப் பக்கத்தில் மெத்தையில் தலையைச் சாய்த்தார். அழப்போகிறார் என்று நர்ஸ் தண்ணீர் எடுக்கப் போனார். தண்ணீரோடு திரும்பி வந்தபோது அந்த அம்மா வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தார்.

யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மெக்கானிக் தன் அண்ணனைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போய் வண்டிக்காரரிடம் என்னவோ சொன்னார்.

"எவ்வளவு நேரம் சார் நிக்கிறது?" என்றார் வண்டிக்காரர்.

"அவ எழுந்திரிக்கிற வரைக்கும்," என்றார் அண்ணன். "அப்புறம் என் தம்பியைக் கூட்டிக்கிட்டுப் போங்க."