புளிக்க மறுத்த பூஞ்சை

"ஏட்டய்யா, மொதலாளி என்னெ திருடின்னுட்டாருங்க. சாயங்காலத்துக்குள்ள உண்மையச் சொல்லலன்னா போலீசுன்றாரு."

விருத்தாசலம் ஜங்ஷன் டீக்கடையில் அம்சவல்லி மூச்சு வாங்க நின்றாள். எலுமிச்சை உப்பு எனும் சிட்ரிக் அமிலம் செய்யும் ஆலையில் தட்டு கழுவுபவள். அங்கே முதலாளி ஜெயராஜ், கரும்பூஞ்சையை அல்ட்ரா வயலட் விளக்கில் காட்டி, ஆயிரத்தில் நன்றாகப் புளிக்கவைக்கும் ஒன்றைப் பொறுக்கி விதையாக வைத்திருந்தார். பீங்கான் தட்டில் ஊற்றிய கரும்பாலைப் பாகில் தூவினால் அது சர்க்கரையை அமிலமாக்கிவிடும். மருந்துக் கம்பெனிகள் வாங்கிக்கொள்ளும். இரண்டு வாரமாகப் பாதித் தட்டுகளில் புளிப்பில்லை. நல்ல விதையைத் திருடி வேறொன்றை அம்சவல்லி மாற்றி வைத்துவிட்டாள் என்பது அவர் சந்தேகம்.

"நல்ல விதைய யாருக்கு வித்தே?" என்று பாய்ந்தான் பச்சமுத்து. பீங்கான் பட்டறையில் மெருகு பூசுபவன். ஓய்வுபெற்ற ஏட்டு ஆதிநாராயணனோடு துப்புத் துலக்க அலைவதில் அவனுக்குத் தனி ஆசை.

"ஒன் மூஞ்சிக்கு வித்தேன்! போய்யா!"

"வாங்க, பாத்துடலாம்" என்று எழுந்தார் ஏட்டு.

ஆலை வாசலுக்கு வெளியே ஓர் இரும்பு வாளி ஒதுங்கிக் கிடந்தது. உள்ளே மேலடுக்கில் பழைய வெள்ளைத் தட்டுகள், கீழே புதிய பழுப்புத் தட்டுகள். பழுப்பில் பூஞ்சை கம்பளி போல் கொழுத்திருந்தது. "இது என் விதையே இல்லைங்க" என்றார் ஜெயராஜ்.

ஏட்டு வெள்ளைத் தட்டில் ஆப்ப சோடா தூவினார். நுரை பொங்கியது. பழுப்பில் சும்மா இரண்டு கொப்புளம்.

"ரெண்டுக்கும் ஒரே புட்டி விதையா?"

"ஆமாங்க."

"அப்ப விதை மாறல. இரும்பு வாளிய ஏன் வெளிய நிறுத்தியிருக்கீங்க?"

"இரும்பு பட்டா பூஞ்சை தின்னு கொழுக்கும், அமிலம் விடாதுங்க. பாகுல இருக்கற இரும்பையே வடிச்சிட்டுத்தான் ஊத்தறோம்."

ஏட்டு ஒரு பழுப்புத் தட்டின் பாகைக் கொட்டிவிட்டு உட்புறத்தைத் தடவினார். விளிம்பு பளபளத்தது. பாகு நின்ற மட்டத்துக்குக் கீழே மெருகு மங்கிச் சொரசொரத்தது.

"பச்சமுத்து, இது என்ன மெருகு?"

பச்சமுத்து தட்டை வாங்கிப் பார்த்தான். பட்டறையில் வெள்ளை மெருகு தீர்ந்துபோன வாரம் செய்தது அது. ஊறுகாய் ஜாடிக்குக் கலந்து வைத்த பழுப்பு மெருகில் தட்டுகளை முக்கியிருந்தான். அவசரத்தில் சூளையைச் சீக்கிரமே அணைத்திருந்தான். போலீஸ் வந்துவிடுமோ என்று அம்சவல்லி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல கலந்தது இரும்புத் துருப்பொடிங்க" என்றான் கடைசியில். "அதான் பழுப்பு. சரியா வேகல, புளிப்பு இரும்பக் கரைச்சுப் பாகுல விட்டிருக்கும். நாந்தாங்க பூசினேன்."

ஜெயராஜ் தலை குனிந்தார். "தப்பா பேசிட்டேம்மா. நாளைக்கு வேலைக்கு வந்துடு."

அம்சவல்லி அழவில்லை. மூலையில் கிடந்த தேங்காய் நாரை எடுத்துப் பச்சமுத்துவின் கையில் வைத்தாள்.

"நாளைக்கு எதுக்கு? இன்னிக்கே இந்தப் பழுப்பையெல்லாம் கழுவி ஒன் பட்டறைக்கே தூக்கிக்கினு போ. விதைய யாருக்கு வித்தேன்னு கேட்டியே, அதுக்குப் பதில வழியில யோசி."