பல்பு இல்லாத இடத்து வெளிச்சம்

ஒக்கூரில் பஸ்ஸைவிட்டு இறங்கி, அம்மாவோடு அக்கா வீட்டுக்கு வந்த ஆன் மேரிக்கு வாசலிலேயே சுருக்கென்றது. முகப்பில் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா அனிதா செத்து எட்டு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. வருசம் திரும்பாத துக்க வீட்டில் எவராவது ஸ்டார் கட்டுவார்களா? இந்த மனுஷனுக்கு என்னதான் வந்தது?

ஸ்டாரோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மச்சான் ஜெரால்டு முகப்பு, ஜன்னல், மொட்டைமாடிச் சுவர் என்று ஒன்று விடாமல் சின்னச் சின்னப் பல்புகளை வரிசையாகக் கட்டியிருந்தார். முற்றத்து மேசையில் லேப்டாப். அதன் அடியில் தரையெல்லாம் வயர்.

"வா மேரி. இனி எல்லாம் கம்ப்யூட்டர் சொல்றபடிதான் எரியும். முதல் தடவையாச் செய்றேன், அதான் பயந்து பயந்து செய்றேன்," என்றார். "இதுக்குன்னே புதுசா எர்த் போட்டிருக்கேன். மழை பெஞ்சாலும் ஷாக் அடிக்காது."

"வருசம் திரும்பலியே மச்சான். அதுக்குள்ள ஸ்டார் கட்டிட்டீகளே."

"நல்ல காரியம் வருதுல்ல," என்று சிரித்தார்.

நல்ல காரியம் என்றது அவளைத்தான். அனிதா இருந்த இடத்துக்கு ஆன் மேரியையே பெண் கேட்டிருந்தார். இன்றைக்கு அவள் பதில் சொல்ல வேண்டும். மாட்டேன் என்று சொல்ல அவளிடம் காரணம் எதுவும் இல்லை. அம்மா உள்ளே கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் பரப்பப் போனாள்.

கை கால் கழுவத் தண்ணீர் வரவில்லை.

"மோட்டாரைப் போடு. அங்குட்டு மோட்டார் ரூம் கதவுக்குப் பின்னால கம்பு இருக்கும், அதால சுவிட்சைத் தட்டு. கை வச்சிராத, அடிக்கும்," என்றார் ஜெரால்டு, லேப்டாப்பிலிருந்து கண்ணெடுக்காமல்.

அவள் கம்பால் தட்டினாள். தொட்டி நிறைந்ததும் கம்பாலேயே தட்டி நிறுத்தினாள். கம்பின் முனை தேய்ந்து வழவழவென்று இருந்தது. ரொம்ப நாள் புழங்கிய கம்பு.

பொழுது சாய்ந்தது. எந்தப் பல்பு எங்கே இருக்கிறது என்று முதலில் கம்ப்யூட்டருக்குக் காட்ட வேண்டுமாம். பல்புகள் ஒவ்வொன்றாக எரிந்து அணையும். ஆன் மேரி செல்போன் கேமராவை வீட்டுப் பக்கம் பிடித்தபடி நிற்க வேண்டும். பல்பு எரிந்த இடத்தில் லேப்டாப் திரையில் ஒரு புள்ளி விழும். முடிவில் புள்ளிகளாலேயே வீடு தெரியும்.

முகப்பு தெரிந்தது. ஜன்னல் தெரிந்தது. அப்புறம் புள்ளிகள் வீட்டைவிட்டு விலகி, மோட்டார் ரூம் பக்கம் விழ ஆரம்பித்தன.

"அங்குட்டும் பல்பு கட்டியிருக்கீகளா?"

"இல்லையே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அங்கே வெறும் இருட்டு. ஈரத் துணியின் சோப்பு வாடை மட்டும் வந்தது. அக்கா போடுகிற சோப்பு.

திரையில் ஒரு தலை விழுந்தது. பிறகு தோள். முந்தானையை இடுப்பில் செருகிய ஒரு பெண். கடைசிப் புள்ளிகள் நீட்டிய கையாக நகர்ந்து, சுவிட்சு இருக்கிற இடத்தில் போய் நின்றன.

வெறும் கை. கம்பு இல்லை.

அக்கா துணி துவைக்கும்போது நெஞ்சுவலி வந்து விழுந்துவிட்டாள் என்றுதான் ஜெரால்டு எல்லாரிடமும் சொல்லியிருந்தார்.

"மச்சான், அந்தச் சுவிட்சு எப்பயிருந்து அடிக்குது?"

ஜெரால்டு தரையில் கிடந்த ஒரு வயரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார்.

"அக்கா இருக்கும்போதேவா?"

"மாத்துங்க மாத்துங்கன்னுதான் சொன்னா," என்றார் மெதுவாக. "பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். அன்னைக்குக் கம்பை நான்தான் எங்கிட்டோ போட்டுட்டேன். வெளிய சொன்னா என்னைய என்ன நெனப்பாக?"

பல்புக்கு எர்த் போட்ட மனுஷன். ஆன் மேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது மோட்டார் தானாக ஓடியது.

நிறைந்த தொட்டி வழிந்து, தண்ணீர் முற்றத்துக்கு வந்தது. செல்போனை மேசையில் சாய்த்துவிட்டு ஆன் மேரி ஓடிப்போய்க் கம்பை எடுத்தாள். ஜெரால்டு பின்னாலேயே வந்தார்.

"கம்பைக் குடு மேரி. வயரெல்லாம் நனையுது."

கொடுக்கத்தான் நினைத்தாள். சத்தியமாக நினைத்தாள். விரல்கள் விரியவில்லை. அவற்றின்மேல் வேறு விரல்கள் இருந்தன. ஈரமானவை. ஊறிச் சுருங்கியவை. அவற்றில் அக்காவின் கல்யாண மோதிரம் உறுத்தியது.

"குடுங்கிறேன்ல, என் லைட்டெல்லாம் போயிரும்!"

சட்டை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு அவரே சுவிட்சைத் தொட்டார். சட்டை நனைந்திருந்தது.

ஒரு சத்தமும் இல்லாமல் சரிந்தார்.

வீடு முழுக்க இருண்டது. மோட்டார் நின்றது. அம்மா தடவித் தடவி வெளியே வந்து, லேப்டாப் வெளிச்சத்தில் தரையில் கிடந்தவரைக் கண்டாள்.

"மாப்பிள்ளைக்கு என்னடி ஆச்சு?"

"நெஞ்சுவலி," என்றது ஆன் மேரியின் வாய், அக்காவின் குரலில்.

அம்மா ஓரடி பின்வாங்கினாள். "அனிதா?" என்றாள்.

மேசையில் லேப்டாப் மட்டும் பேட்டரியில் எரிந்துகொண்டிருந்தது. ஒரு பல்பும் எரியவில்லை. ஆனாலும் திரையில் புள்ளிகள் விழுந்தன. மோட்டார் ரூம் பக்கம் ஓர் ஆண் விழுந்து கிடந்தான். அவன் தலைமாட்டில், ஆன் மேரி நிற்கிற அதே இடத்தில், அந்தப் பெண் நின்றாள். அவள் கையில் இப்போது கம்பு இருந்தது.

ஆன் மேரி குனிந்து தன் கையைப் பார்த்தாள். கை காலியாக இருந்தது.