ஐந்தாவது மண்மேடு

அழுக்குத் தண்ணீரைக் கொட்டுவதற்காகக் கொடிப்பந்தலின் ஓரம் போனபோதுதான் சனோபர் அதைக் கவனித்தாள். ஐந்து மண்மேடுகள் இருந்தன. அவர்கள் வீட்டில் இருந்ததே நாலு திராட்சைக் கொடிகள். குளிரில் கருகாமலிருக்க, பனி விழுவதற்கு முன்னால் கணவன் மத்யாகூப் அவற்றைப் பந்தலிலிருந்து இறக்கி, வளைத்து, குழியில் படுக்கவைத்தபோது, மேலே போர்த்துவதற்கு நாணல் பாய்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். நாலு பாய் கொடுத்தாள். பாதி வேலையில், மகளுக்குக் காய்ச்சல் அடிக்கிறதே என்று உள்ளே போனவள் திரும்ப வெளியே வரவில்லை. அப்புறம் குளிர்காலம் முழுக்கப் பனி எல்லாவற்றையும் ஒரே மட்டமாக மூடிக் கிடந்தது. அதற்குள் போய் யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்?

எண்ணிக்கையில் தானே தப்பு செய்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள். வேலையும் தலைக்கு மேல் கிடந்தது. கீவாப் பக்கத்து முற்றங்களில் வசந்தம் வந்தால் முதலில் உப்புதான் பூக்கும், பூவெல்லாம் அதற்குப் பிறகு. செங்கல் தரை முழுக்க வெள்ளையாய்ப் பொருமியிருந்த உப்பைச் சுரண்டி, காடித் தண்ணீர் விட்டுத் தேய்த்தாள். பிறகு கொட்டகையிலிருந்து தப்சானை இழுத்து வந்து போட்டாள். ஒரு குடும்பமே ஏறி உட்காரக்கூடிய அகலமான மரக்கட்டில் அது. இனி அக்டோபர் வரை சாப்பாடு, தூக்கம், சண்டை, சமாதானம் எல்லாம் அதன் மேல்தான். ஆறு மாதப் புறா எச்சமும் எலிப் புழுக்கையும் சோடா கலந்த வெந்நீரில் ஊறி எழுப்பிய நாற்றத்துக்கு முகத்தைச் சுளித்தபடி பலகை பலகையாகத் தேய்த்தாள். தேய்க்கும்போதே கண் மட்டும் அந்தப் பக்கம் போய்விட்டு வந்தது.

காலையில் மத்யாகூப், ஆறு வயது அனாஜானைக் கூட்டிக்கொண்டு தக்காளி நாற்று வாங்கச் சந்தைக்குப் போயிருந்தான். போகும்போது சொன்னான்: "நீ கட்டிலை மட்டும் கழுவு சனோபர். கொடியை நான் பாத்துக்கறேன். இன்னும் குளிர் போகல."

மூன்று வாரமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறான். மென்மையாகச் சொல்கிறான். இப்போதெல்லாம் எதையுமே மென்மையாகத்தான் சொல்கிறான்.

முன்பு அப்படி இல்லை. தேநீர் கொஞ்சம் ஆறியிருந்தால் கெண்டி சுவரில் போய் மோதும். வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே அனாஜான் பஞ்சுப் போர்வையான ரஜாய்கள் அடுக்கியிருக்கும் அலமாரிக்குள் புகுந்துகொள்வாள். கொடி புதைத்த அன்று சாயங்காலம் கைநிறைய மண்ணோடு உள்ளே வந்தவன்தான் மாறியிருந்தான். அடுப்பை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தான். தேநீரை ஆறவைத்துக் குடித்தான். எந்நேரமும் நாக்கடியில் அடக்கிக்கொண்டிருந்த புகையிலையைத் தொடவே இல்லை. ராத்திரி ரஜாய்க்குள் அவன் உடம்பு கிணற்றடிக் கல் மாதிரி குளிர்ந்து கிடந்தது. சனோபர் இன்னொரு ரஜாயைப் போர்த்திவிட்டாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம் அவளுக்கு. மகள் அலமாரியிலிருந்து வெளியே வந்துவிட்டாள், அப்பா மடியில் உட்கார்ந்து பாடக்கூடத் தொடங்கிவிட்டாள். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் முதல்முறையாக வீடு வீடாக இருந்தது. அதைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

"ஏண்டி, இன்னுமா கொடியைத் திறக்கல?" சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு பிகாஜானின் தலை தெரிந்தது. "எங்க வீட்டுல துளிரே விட்டாச்சு. உள்ளயே வெந்து போயிடும், பாத்துக்க. அப்புறம் இந்த வருஷம் திராட்சைக்கு என் வீட்டு வாசல்லதான் நிக்கணும்."

"அவர் இன்னும் குளிர் போகலைங்கறார் அக்கா."

"அவன் சொல்லுவான். உன் புருஷன் இப்ப எவ்வளவு சாதுவா ஆயிட்டான்! என்ன மருந்துடி வச்ச? எனக்கும் கொஞ்சம் குடேன், இங்க ஒண்ணு தலைகால் தெரியாம ஆடிட்டுத் திரியுது."

சனோபர் சிரித்தாள். தலை மறைந்தது. சிரிப்பு மட்டும் முகத்தில் மாட்டிக்கொண்டு நின்றது, அவளாகத்தான் அதைக் கழற்றவேண்டியிருந்தது.

மண்வெட்டியை எடுத்தாள். கொடி அழுகினால் ஒரு வருஷத்துத் திராட்சை போச்சு என்பதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டாள். முதல் மேட்டைத் திறந்தாள். ஈர நாணலின் புளித்த வாடை எழுந்தது. பாயை விலக்கினால் பழுப்பு நிறத்தில் கொடி, கணுக்களில் பால்நிறத் துளிர்கள் நீண்டு வெளிறியிருந்தன. உண்மையிலேயே தாமதமாகிவிட்டது. இரண்டாவதையும் மூன்றாவதையும் நாலாவதையும் திறந்தாள். நான்கையும் தூக்கிப் பந்தல் காலில் சாய்த்துக் கட்டியபோது வெயில் கிழக்குச் சுவரில் ஏறியிருந்தது, முதுகு விட்டுப்போயிருந்தது.

ஐந்தாவது மேட்டின் மேல் மண் வெடித்திருந்தது. அந்த வெடிப்பு லேசாக விரிந்தது, பிறகு சுருங்கியது. வெயிலில் கண் கூசுகிறது என்று நினைத்தாள். குனிந்தபோது வாடை வந்தது. நாணல் வாடை இல்லை. புகையிலையும் வியர்வையும் கலந்த வாடை. பல மாதங்களாக அவள் வீட்டில் இல்லாத வாடை.

மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் தோண்டினாள். மண் வெதுவெதுப்பாக இருந்தது. பாய் இல்லை. ஒரு சாண் ஆழத்தில் துணி தட்டுப்பட்டது. பஞ்சு வைத்துத் தைத்த மேலங்கி. அவள் தைத்த பொத்தான். மேல்பக்கமாக மண்ணை விலக்கினாள்.

தாடி. வாய். மூக்கு.

மத்யாகூப்.

மண்ணுக்குள் நீண்ட துளிர்களைப் போலவே வெளிறிப் போயிருந்தான். இமைகளில் மண். ஒரு குளிர்காலத்துத் தாடி வளர்ந்திருந்தது. மார்பு ஏறியது. இறங்கியது. கண் திறக்கவில்லை. உதடு திறந்தது.

"இவ்வளவு நேரமாடி?" என்றான். "திறக்கறதுக்கு இவ்வளவு நேரமா உனக்கு?"

அதே குரல். அதே எரிச்சல். கெண்டி பறப்பதற்கு முன்னால் வரும் குரல்.

"புள்ள எங்க?"

மண்ணுக்குள்ளிருந்து கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தப் பிடி அவளுக்குத் தெரியும். எங்கே அழுத்தும், எங்கே கன்றிப்போகும் என்பதுகூடத் தெரியும்.

"புள்ளையக் கொண்டா."

ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். தன் கை தானாக மண்ணைத் தள்ளியது என்று பின்னால் அவள் சொல்லிக்கொள்ளலாம். தானாகத் தள்ளவில்லை. அவள்தான் தள்ளினாள். வாயில் தள்ளினாள். கண்ணில் தள்ளினாள். மண்வெட்டியால் வாரிப் போட்டாள். மேலே ஏறி மிதித்தாள். கீழே இருந்து தள்ளியது. மிதித்தாள். தள்ளியது. மிதித்தாள். அழுதுகொண்டே மிதித்தாள். என் பிள்ளை, என் பிள்ளை என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது.

அனாஜான் ஓடி வந்தாள். பின்னால் நாற்றுக் கட்டோடு அவன். நின்று பார்த்தான். அவளுடைய கைகளை, முட்டிவரை ஏறிய மண்ணை, காலடியில் புதிதாய்க் கிளறிக் கிடந்த இடத்தை. கோபப்படவில்லை. நாற்றைக் கீழே வைத்தான்.

"களைச்சிட்டே," என்றான். "கட்டிலை இங்கயே போட்டுடலாமா? பந்தல் நிழல் விழும்."

"போடலாம்," என்றாள் சனோபர்.

ஆளுக்கொரு பக்கம் தூக்கினார்கள். இன்னும் ஈரம் காயாத தப்சான், மண் கிளறிய இடத்தின் மேல் உட்கார்ந்தது. அவன் நாலு காலையும் அசைத்துப் பார்த்தான். பொறுமையாக, செங்கல் சில்லு வைத்துச் சரிசெய்தான். அவள் கை கழுவினாள். மெத்தை விரித்தாள். ரொட்டி கொண்டுவந்தாள், தேநீர் கொண்டுவந்தாள். வருஷத்தின் முதல் வெளித் தேநீர். சுவருக்கு அப்பால் பிகாஜான் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். அவன் கிண்ணத்தை ஆறவைத்தான். சனோபர் அவன் முகத்தைப் பார்க்காமல் சூடாகவே குடித்தாள். நாக்கு வெந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தாள். பிள்ளைக்காகத்தானே, இனி எல்லாம் இப்படியே இருக்கும் என்று நினைத்தாள்.

அனாஜான் மெத்தையை ஒதுக்கிவிட்டுக் கட்டில் ஓரத்தில் குப்புறப் படுத்திருந்தாள். பலகைகளுக்கு நடுவே ரொட்டியைப் பிய்த்து நுழைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே?"

"ஊட்டிவிடறேன்."

"யாருக்கு?"

"கீழ இருக்கறவருக்கு. ரொம்பப் பசியாம்."

இன்னொரு துண்டு உள்ளே போனது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. சனோபர் கணவனைப் பார்த்தாள். அவன் பந்தலைப் பார்த்தபடி கிண்ணத்தை உதட்டில் வைத்தான்.

"விளையாடட்டும் விடு," என்றான், மென்மையாக.

"எந்திரி அனா. இங்க வா."

"வர முடியலம்மா."

"வான்னு சொல்றேன்ல!"

"விட மாட்டேங்கறாரு." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

கிண்ணம் உருண்டது. சனோபர் பாய்ந்து மகளின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். அனாஜானின் சிரிப்பு நின்றது.

பலகைகளுக்கு நடுவே ஒரு விரல்தான் நுழையும். அனாஜானின் கை முழங்கை வரை உள்ளே போயிருந்தது.