படகு தயாராகிவிட

"அவரு வேணும்னே என்னைய விட்டுட்டுப் போனாரான்னு மட்டும் சொல்லுங்க," என்றாள் அமுதம். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம். காரைக்காலில் உத்தியோகம் வேண்டியவர்களெல்லாம் ஆங்கிலம் படித்தார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அவள் கணவர், நெட்டையான கைலாசநாதன், முந்தாநாள் அரசலாற்று முகத்துவாரத்தில் பிணமாக ஒதுங்கினார். வீட்டுக் கரும்பலகையில் ஒரே ஓர் ஆங்கில வாக்கியம்: படகு தயாராகிவிட, அவர் எல்லோரிடமும் விடைபெற்றார். தற்கொலை என்று ஊர் முடிவே கட்டிவிட்டது. ஊருக்கு வேறு என்ன வேலை.

அவள் கேட்டது போலீசிலிருந்து ஓய்வு பெற்ற நாகூர் மீரானிடம். அவர் பலகைமுன் வெகுநேரம் நின்றார். அச்சடித்ததுபோலத் தனித்தனி எழுத்து, யார் கையென்று சொல்ல முடியாது. ஆனால் முதல் பாதி அவர் தலைக்கு மேலே இருந்தது, மறுபாதி நெஞ்சளவுக்கு இறங்கியிருந்தது. கதவோரம் குடை மாட்டும் ஆணி வெறுமையாக இருந்தது.

"சாவப்போற மனுசன், கை தளந்திருக்கும்ங்க," என்றான் கூட வந்த முத்தையன். அவன் எப்போதும் அவசரக்குடுக்கை.

"சாவப்போறவரு குடை எடுத்துக்கிட்டா போவாரு?" மீரான் அமுதத்திடம் திரும்பினார். "பாடம் எப்படிம்மா நடத்துவாரு?"

"படிக்கிறவங்க தொழில வச்சு முதல் பாதிய எழுதுவாருங்க. தையக்காரருன்னா கத்திரி, கடைக்காரருன்னா தராசு. 'இதுக்குத் தனி எழுவாய் உண்டு, இணைப்புச் சொல் வேண்டாம். ஆனா தனியா நிக்காது'ம்பாரு. மறுபாதிய அவங்களே எழுதணும்."

"படகுன்னா?"

"சுப்பையன்தான். ஆனா கேட்டதுக்கு, அன்னிக்குப் பாடமே நடக்கலைன்னுட்டான். நான் அக்கரையில அக்கா வீட்டுல இருந்தேன்."

மாலையில் சுப்பையனை வரவழைத்தார்கள். காரைக்கால்மேட்டுப் படகுக்காரன், குட்டையான ஆள். மீரான் சாக்கட்டியை நீட்டினார். "எழுதற மாதிரி ஒரு கோடு போடு."

கோடு மறுபாதிக்கு நேராக விழுந்தது.

"பாடம் நடந்திருக்கு சுப்பையா. பாதிய அவரு எழுதினாரு, மீதிய நீ எழுதின. ரெண்டு பேருக்கும் அது வெறும் பாடம்தான். அப்பறம் மழை. குடையோட உன் படகுல ஏறினாரு. எங்க போக?"

சுப்பையன் தரையில் உட்கார்ந்து அழுதான். "உங்களக் கூட்டியாரத்தாம்மா. மழையில நனைஞ்சுடுவாங்க, வாடான்னாரு. நடு ஆத்துல படகு கவுந்துடுச்சு. அவருக்கு நீச்சல் தெரியாது. தேடினேன், அம்புடல. கொலைக்கேசுல போட்டுடுவாங்கன்னு பயந்து வாய மூடிக்கிட்டேன்."

அமுதம் அவனைத் திட்டவில்லை. "மழை கொட்டுது, வரலியேன்னு அங்க உக்காந்து கோவிச்சுக்கிட்டிருந்தேன்," என்றாள்.

பிறகு எழுந்துபோய், மறுபாதியை முந்தானையால் அழித்தாள். முதல் பாதி அவள் கைக்கு எட்டவில்லை.