குருட்டுக் கொக்கும் ஓர் அட்டையும்

மழைக்காலத்தில் தேவாலாவில் யாரும் சும்மா நிற்பதில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்கூட இடது கால், வலது கால் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருப்பார்கள். டான்ஸ் எல்லாம் இல்லை. நின்றால் ரத்தம் குடிக்கும் அட்டை காலில் ஏறிவிடும், அவ்வளவுதான்.

ஆறாம் வகுப்பு படிக்கும் ஸ்டெபியும் அப்படித்தான். தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். தன் கால்கள் ஆடுவது அவளுக்கே தெரியாது.

வகுப்பில் 'நம்ம ஊர்ப் பறவைகள்' என்று ஒரு படப்பலகை வைக்கப் போகிறார்கள். ஸ்டெபி தன் வீட்டுக்குக் கீழே, வயலில் தினமும் வந்து நிற்கும் குருட்டுக் கொக்கை அப்பாவின் போனில் படம் எடுத்து அனுப்பினாள். பேர்தான் குருட்டுக் கொக்கு, அதற்குக் கண் நன்றாகவே தெரியும். ராஜகுமாரி டீச்சர் அதை லேப்டாப்பில் பெரிதாக்கினார்.

"இதுல கொக்கு எங்கம்மா?"

"அந்தா இருக்குங்க டீச்சர், புல்லுக்குப் பக்கத்துல."

பக்கத்து வீட்டு வேலன் எட்டிப் பார்த்தான். "அது மண்ணாங்கட்டிங்க டீச்சர்! ரெண்டு மூக்கு முளைச்ச மண்ணாங்கட்டி!"

வகுப்பே சிரித்தது. அவன் சொன்னதிலும் தப்பில்லை. குருட்டுக் கொக்கின் முதுகு சேற்றின் நிறம். போதாததற்குப் படமும் ஆடியிருந்தது.

"திங்கக்கிழமை எல்லாத்தையும் ஒட்டிடுவோம். அதுக்குள்ள வேற ஒண்ணு எடுத்து அனுப்பு," என்றார் டீச்சர்.

ஸ்டெபிக்கு அழுகை வந்தது. பலகையில் எல்லாப் பறவையும் இருந்து, அவளுடைய கொக்கு மட்டும் இல்லாமல் போகலாமா?

சனிக்கிழமை மறுபடியும் வயலுக்குப் போனாள். வேலனும் கூடவே வந்தான்.

"நான் ஒரு கல்லு எறியிறேன். பறக்கறப்ப றெக்கை வெள்ளையாத் தெரியும். டக்குனு எடுத்துரு," என்றான்.

"வேணாண்டா. அது சாப்பிட வந்திருக்கு."

கொக்கு ஒரு தவளையைக் குறி வைத்திருந்தது. ஸ்டெபி போனைத் தூக்கினாள். சளக் என்று சத்தம். கொக்கு பறந்துவிட்டது. தவளை தண்ணீருக்குள் குதித்துத் தப்பியது. சற்று நேரத்தில் கொக்கு திரும்பி வந்தது. மறுபடியும் அதே கதைதான்.

"கல்லு எறியாமலே ஓட்டிட்டியே!" என்று வேலன் சிரித்தான். ஸ்டெபிக்குச் சிரிப்பு வரவில்லை. கொக்கு பட்டினியாகப் போனதை நினைத்தால் பாவமாக இருந்தது.

வீட்டில் போனைத் திறந்தால், படத்துக்குப் பதில் வீடியோ பதிவாகியிருந்தது. வயல் இடமும் வலமும் ஆடியது.

"என்னாம்மா, கப்பல்ல நின்னு எடுத்தியா?" என்றார் அப்பா மரியஅந்தோணி.

ஸ்டெபி வீடியோவை மறுபடி ஓடவிட்டாள். சளக், சளக், சளக். ஒவ்வொரு சளக்குக்கும் வயல் ஓர் ஆட்டம் ஆடியது. அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். ஓ, நீங்கதானா!

"அப்பா, நாளைக்கும் போன் வேணும். அம்மாவோட படங்கு வேணும். துணி சோப்பும் வேணும்."

தேயிலை பறிக்கும்போது அம்மா இடுப்பில் கட்டிக்கொள்ளும் தார்ப்பாய்தான் படங்கு.

"கொக்கு தலையில வெண்ணெய் வச்சுப் புடிக்கிற கதையால்ல இருக்கு!" என்றார் அப்பா.

"வெண்ணெய் வேணாம்ப்பா, சோப்பு போதும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், வயல் ஓரத்தில் படங்கை விரித்தாள். அதன் விளிம்பெல்லாம் ஈரச் சோப்பைத் தேய்த்தாள். கால்களிலும் கைகளிலும் பூசிக்கொண்டாள். சோப்பு பட்டால் அட்டை சுருண்டு திரும்பிவிடும். பிறகு குப்புறப் படுத்துக்கொண்டாள்.

கொக்கு வந்தது. ஸ்டெபி அசையவில்லை.

படுத்துப் பார்த்தபோது எல்லாமே வேறு மாதிரி தெரிந்தது. நின்று பார்த்தால் கொக்குக்குப் பின்னால் வெறும் சேறு. இப்போதோ பின்னால் பளபளவென்று தண்ணீர். கழுத்தில் உள்ள கோடுகள்கூடத் தெரிந்தன. கிளிக்! படம் ஆடவே இல்லை.

அப்போது கழுத்தில் ஜில்லென்று எதுவோ ஊர்ந்தது. கழுத்துக்குச் சோப்பு போட மறந்துவிட்டாள்!

படம்தான் கிடைத்துவிட்டதே, எழுந்துவிடலாம். ஆனால் கொக்கின் கழுத்து மெல்ல மெல்ல நீண்டுகொண்டிருந்தது. எதிரே ஒரு தவளை.

'ரெண்டு தடவை அது சோத்துல மண்ணப் போட்டாச்சு. இன்னொரு தடவை கூடாது.'

ஸ்டெபி பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அட்டை குடித்தால் குடிக்கட்டும்.

கொக்கு சட்டென்று பாய்ந்தது. அவள் விரலும் தானாக அழுத்தியது. கிளிக்!

கொக்கு விழுங்கி முடிக்கும்வரை காத்திருந்து, அதற்குத் தெரியாமல் பின்னோக்கி ஊர்ந்து விலகினாள்.

திங்கட்கிழமை அந்தப் படம் பலகையின் நடுவில் இருந்தது. மஞ்சள் கண், சிதறும் தண்ணீர், அலகில் தொங்கும் தவளைக் கால்கள்.

"எப்பிடி ஆடாம எடுத்த?" என்றான் வேலன். ஸ்டெபி கழுத்தைத் திருப்பி அட்டை கடித்த இடத்தைக் காட்டினாள். வேலன் கிட்டே வந்து அதை உற்றுப் பார்த்தான்.

"சோப்பு மிச்சம் இருக்கா? எங்க வீட்டுக்குப் பின்னால ஒரு ஆள்காட்டிக் குருவி வருது," என்றான் பிறகு.

"உதவி பண்ணுனவங்க பேரையும் சேத்துக் கீழ எழுதும்மா," என்று டீச்சர் பேனாவை நீட்டினார்.

ஸ்டெபி யோசித்து, அழகான கையெழுத்தில் எழுதினாள்:

படம்: ஸ்டெபி. உதவி: அப்பாவின் போன், அம்மாவின் படங்கு, துணி சோப்பு, ஓர் அட்டை.