ஐந்து கால் யானை

அந்த யானைக்கு ஐந்து கால்கள். தெரியாமல் வரையவில்லை. எண்ணிப் பார்த்துத்தான் வரைந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் காவிரிப் படித்துறைக்குக் குளிக்க வந்த யானை அது. ஒரு நிமிடம்கூடச் சும்மா நிற்காது. முன்காலைத் தூக்கும், வைக்கும், மறுபடியும் தூக்கும். தூக்கிய காலை மட்டும் வரைந்தால் நொண்டி யானை ஆகிவிடும். ஊன்றிய காலை மட்டும் வரைந்தால் பொம்மை யானை ஆகிவிடும். அதனால் இரண்டையும் வரைந்தேன்.

புடவைக் கடையில் தூக்கிப் போட்ட அட்டை. அதில் கரியால் யானை, சலவை நீலத்தால் காவிரி, மஞ்சள் தூளைக் குழைத்து வெயில். மொத்தம் நான்கு நாள் வேலை.

எல்லாம் எங்கள் பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்காக. முதல் பரிசு, பன்னிரண்டு வண்ணங்கள் கொண்ட பெட்டி. பேட்ரிசியா டீச்சர் அதைத் திறந்து காட்டியபோது வகுப்பில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

“ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. உங்க கையால செஞ்சதா இருக்கணும்” என்றார் டீச்சர்.

என் அப்பா வீரமலை, சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் பஸ்களுக்கு போர்டு எழுதுபவர். லால்குடி, மண்ணச்சநல்லூர் என்று எந்த பஸ்ஸின் நெற்றியைப் பார்த்தாலும் அப்பாவின் எழுத்துதான்.

“குடு கண்ணு, நானே சட்டம் போட்டு ஸ்கூல்ல குடுத்துடறேன்” என்றார் அப்பா.

கொடுத்தேன். நான் செய்த ஒரே தப்பு அதுதான்.

கண்காட்சி அன்று அம்மா தீபாவளிப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். அப்பா தலையில் எண்ணெய் வழிய வழிய வாரியிருந்தார். நான் முன்னால் ஓடினேன். ஒரு படத்தின் முன்னால் மட்டும் பெரிய கூட்டம். ஓரத்தில் ‘முதல் பரிசு’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. கூட்டத்துக்குள் தலையை நுழைத்துப் பார்த்தேன்.

யானை. ஆனால் என் யானை இல்லை.

நான்கு கால்களும் தூண் மாதிரி நட்டுக்கொண்டு நின்றன. நெற்றியில் பளபளவென்று பட்டம். என் சலவை நீலத்தைக் காணோம். அதன்மேல் பஸ்ஸுக்கு அடிக்கிற பெயிண்ட். அலைகள் ஒரே அளவில், சீப்புப் பல் போல வரிசையாக இருந்தன. கீழே ‘வீ. வள்ளிக்கண்ணு, ஐந்தாம் வகுப்பு, 1958’ என்று கொட்டை எழுத்து. அந்த எழுத்துக்கு நிழல் வேறு!

என் வகுப்பு ரசூல் பக்கத்தில் வந்து நின்றான். “வள்ளிக்கண்ணு, ‘படியில் நிற்காதே’ன்னு எழுத மறந்துட்டியே!” என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

அப்பா முகமெல்லாம் பல்லாக வந்தார். “பாத்தியா கண்ணு? சும்மா லேசா தொட்டேன். ஒரு கால் அதிகமா இருந்துச்சு, எடுத்துட்டேன்.”

சும்மா லேசாவாம்! எடுத்துவிட்டாராம்!

“யாரைக் கேட்டு எடுத்தீங்க?”

“யானைக்கு நாலு கால்தானேம்மா?”

“என் யானைக்கு அஞ்சு!”

அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மேடையில் பேட்ரிசியா டீச்சர் வண்ணப் பெட்டியை நீட்டினார். மூடி திறந்திருந்தது. அந்தச் சிவப்பை அப்போதே விரலால் தொட வேண்டும் போல இருந்தது.

வாங்கிக்கொண்டிருக்கலாம். யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் வாங்கினால், ஐந்து கால் யானை தப்பு என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா?

“டீச்சர், இது நான் வரைஞ்ச படம் இல்ல.”

“அப்போ யாரு வரைஞ்சது?” என்றார் டீச்சர்.

அப்பாவைப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது. நகத்தில் ஒட்டியிருந்த பெயிண்டை வேட்டியில் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இருந்த கோபத்துக்கு, விரலை நீட்டி, ‘அதோ, அவர்தான்’ என்று கத்தியிருப்பேன். இத்தனை பேர் நடுவில் அவர் அப்படி நின்றதைப் பார்த்ததும் விரல் எழவில்லை.

“வேற ஒருத்தர்” என்று மட்டும் சொன்னேன்.

சொல்லாவிட்டால் என்ன? அந்த எழுத்து யாருடையது என்று பஸ்ஸில் போகிற எல்லோருக்கும் தெரியும்.

பெட்டி ரசூலுக்குப் போனது. தீப்பெட்டிகளை ஒட்டி அவன் ஒரு பஸ் செய்திருந்தான். நான்கு சக்கரமும் நான்கு திசையில் போயிற்று. அதையாவது அவன் கையால் செய்திருந்தானே!

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒரு துணியை மண்ணெண்ணெயில் நனைத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். “மேல இருக்கறத மட்டும் துடைச்சு எடுத்துட்டா, உன் யானை அடியில அப்படியே…”

“தொடாதீங்க!”

நான் போட்ட சத்தத்தில் கூரையிலிருந்து புறா பறந்தது.

“அப்பாவையாடி அதட்டுற?” என்று அம்மா பாய்ந்தாள்.

“விடு மாரியாயி” என்றார் அப்பா. துணியைக் கீழே வைத்தார். “எட்டு வயசுல இந்த வேலைக்கு வந்தேன். கோடு கோணினா முதலாளி விரல் மேலயே ஸ்கேலால அடிப்பாரு. கோணலா ஒண்ணப் பாத்தா என் கை சும்மா இருக்க மாட்டேங்குது கண்ணு. தப்புதான்.”

தப்பு என்று சொன்னால் யானை திரும்பி வந்துவிடுமா? கோபத்தோடேயே கேட்டேன்.

“நீங்க உங்க இஷ்டத்துக்கு எதையாவது வரைஞ்சிருக்கீங்களா?”

அப்பா தலையைச் சொறிந்துகொண்டார். “இல்ல. யாரும் ஆர்டர் குடுக்கலியே” என்றார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பன்னிரண்டு வண்ணம் என்ன, கொட்டகை நிறைய டப்பா டப்பாவாகப் பெயிண்ட் இருக்கிறது அவரிடம். இத்தனை வருஷத்தில் ஒரு யானைகூட வரைந்ததில்லை!

“சரி, நான் ஆர்டர் குடுக்கறேன். ஞாயித்துக்கிழமை ஆத்துக்கு வாங்க. அம்மா, நீயும்தான்.”

“எனக்குக் கோலத்தைத் தவிர ஒண்ணும் தெரியாதேடி” என்றாள் அம்மா.

“அதெல்லாம் தெரியும்!”

ஞாயிற்றுக்கிழமை படித்துறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஆளுக்கொரு அட்டை, ஆளுக்கொரு கரித்துண்டு. இன்னும் கோபம் தீராததால் சட்டங்களைக் கொஞ்சம் உரக்கவே சொன்னேன். “ஸ்கேல் கூடாது. எழுத்து கூடாது. அடுத்தவங்க அட்டையில கை வைக்கவே கூடாது!”

யானை வந்தது. அம்மா மளமளவென்று வரைந்தாள். அவள் யானை காவிரியைவிடப் பெரிதாக இருந்தது. அதைப் பார்த்து அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்பா வெறும் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓடுகிற பஸ்ஸில்கூட எழுதிவிடுவார் என்று பெயரெடுத்த கை, கரித்துண்டோடு அட்டைக்கு மேலேயே நின்றது. கடைசியில் ஒரு கோடு போட்டார். பிறகு இன்னொன்று. பிறகு நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, என்னைப் போலவே, குனிந்து வரைய ஆரம்பித்துவிட்டார்.

முடித்ததும் அட்டையை என் பக்கம் திருப்பினார்.

யானைக்கு மூன்று கால்கள்தான் இருந்தன. தும்பிக்கை, காது இருக்க வேண்டிய இடத்திலிருந்து தொங்கியது.

“ஒரு கால் தண்ணிக்குள்ள இருந்துச்சு. எனக்குத் தெரியல. அதான் போடல” என்றார். “எப்படி இருக்கு கண்ணு?”

என் விரல் துறுதுறுத்தது. அந்தத் தும்பிக்கையை மட்டும், சும்மா லேசாக, ஒரே ஒரு கோட்டில் சரி பண்ணிவிடலாம்.

“நல்லா இருக்குப்பா” என்றேன். கரித்துண்டைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் அடியில் வைத்து அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டேன்.